புழுதி நிலம் தந்த பாவாணர்

ஒரு நாட்டின் வரலாற்றை அறிஞர் ஏட்டில் எழுதி வைக்கின்றனர். அந்த ஏட்டில் இடம் பெறாத எளிய மக்கள் தம் வரலாற்றைப் பாட்டாகப் பாடி வைக்கின்றனர். வயலில் உழைப்போரும், படகு வலிப்போரும், தொட்டில் ஆட்டும் தாய்மாரும் பாடும் பாடல்களில் அவர்தம் இன்பமும் துன்பமும் ஒலிக்கின்றன. இத்தகைய பாடல்களை நாட்டுப் பாடல்கள் என்பர். அவற்றுள் பலவற்றை இயற்றியவர் யார் என்பது தெரிவதில்லை. ஆயினும், மக்களின் பழைய மெட்டுகளை எடுத்துக்கொண்டு, தம் காலத்து ஏழைகளின் துயரையும் நம்பிக்கையையும் அவற்றில் அமைத்துப் பாடிப் பெயர் நிறுத்தியவர் ஒருவர் அமெரிக்க ஐக்கிய நாடுகளில் இருபதாம் நூற்றாண்டில் வாழ்ந்தார். அவரே உடி கத்ரி. அவர் அடைந்த புகழைக் காட்டிலும், அப்புகழ் வருமுன் அவர் நடந்து வந்த வழியே அறிந்து போற்றத்தக்கது.

பிறப்பும் குடும்பமும்

ஓக்லகோமா மாநிலத்தில் ஓக்கீமா என்பது ஒரு சிற்றூர். அவ்வூரில் 1912ஆம் ஆண்டு சூலைத் திங்கள் 14ஆம் நாள் கத்ரி பிறந்தார். தந்தையார் சார்லி கத்ரி, தாயார் நோரா. அப்பொழுதுதான் உட்ரோ வில்சன் என்பார் குடியரசுத் தலைவர் பதவிக்கு வேட்பாளராக நிறுத்தப்பட்டிருந்தார். அரசியலில் ஈடுபாடு மிக்க தந்தையார் அவர் பெயரையே தம் மகனுக்குச் சூட்டினார். உட்ரோ என்னும் அப்பெயர் வீட்டில் உடி எனக் குறுகிற்று.

சார்லி கத்ரி நிலம் வாங்கி விற்கும் தொழிலில் ஈடுபட்டு நல்ல பொருள் ஈட்டி வந்தார். தாயார் இனிய குரலுடையவர். பழங்காலக் கதைப் பாடல்கள் பலவற்றை அவர் அறிந்திருந்தார். வீட்டு வேலைகளுக்கு இடையே அவர் பாடுவதைக் கேட்டே சிறுவன் உடி வளர்ந்தான். பிற்காலத்தில் அவர் பாடிய பாடல்களுக்கு வித்து அன்னையின் மடியிலேயே விழுந்தது எனலாம்.

அடுத்தடுத்து வந்த துயர்

இன்பமாகத் தொடங்கிய அக்குடும்பத்தின் வாழ்வு நெடுநாள் அவ்வாறே நிலைக்கவில்லை. 1919ஆம் ஆண்டில் உடியின் மூத்த சகோதரி கிளாரா தீப்பட்டு இறந்தாள். அத்துயர் ஆறுமுன்பே தாயாரின் நடத்தையில் மாறுதல் தோன்றியது. நினைவு தடுமாறிற்று, காரணமின்றிச் சினம் எழுந்தது, கைகால்கள் தம் வசமின்றி அசைந்தன. அண்டை வீட்டார் அதனைப் பித்தென்று எண்ணினர். உண்மையில் அவரைப் பற்றியிருந்தது ஹண்டிங்டன் நோய் எனப்படும் மூளை நோயாகும். பெற்றோரிடமிருந்து பிள்ளைகளுக்கு மரபுவழி வரக்கூடிய கொடிய நோய் அது. அந்நாளில் அதனை அறிந்தவர் மிகச் சிலரே.

1920ஆம் ஆண்டில் ஓக்கீமாவைச் சுற்றிலும் பாறை எண்ணெய் வளம் கண்டறியப்பட்டது. ஆயிரக்கணக்கான மக்கள் அவ்வூரில் வந்து குவிந்தனர். ஆனால் புதிதாக வந்த பெருவணிகரோடு போட்டியிட இயலாமல் சார்லி கத்ரி தம் செல்வத்தை இழந்தார். சில ஆண்டுகளில் எண்ணெய் வளமும் குன்றியது, வந்தவர்கள் போயினர், ஊர் வறுமையில் ஆழ்ந்தது. 1927ஆம் ஆண்டில் தந்தையாரும் தீக்காயமுற்றார். அவர் உடல் தேறுவதற்காக டெக்சாஸ் மாநிலத்திலிருந்த உறவினரிடம் அனுப்பப்பட்டார். தாயார் நார்மன் நகரத்து மனநோய் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார். மூன்றாண்டுகளுக்குப் பின் அங்கேயே அவர் உயிர் நீத்தார்.

பதினைந்து வயதுச் சிறுவனாகிய உடி, பெற்றோர் இருவரும் அருகில் இல்லாத நிலையில், ஓக்கீமாவிலேயே தங்கினான். நண்பர் வீடுகளில் உண்டு உறங்கினான். காலணிகளைத் துடைத்து மெருகிட்டும், கிடைத்த சிறு வேலைகளைச் செய்தும் காசு ஈட்டினான். ஆர்மோனிகா என்னும் வாயிசைக் கருவியை வாசிக்கக் கற்றுத் தெருவில் நின்று இசைத்தான். துன்பம் சில இளைஞரைத் தீய வழியில் செலுத்தும். சிலரை மனம் சோரச் செய்யும். உடிக்கு இசை துணை நின்றது.

பாம்பா நகரில்

1929ஆம் ஆண்டில் உடி தம் தந்தையாரிடம் சென்று சேர்ந்தார். அவர் அப்போது டெக்சாஸ் மாநிலத்தின் வடபகுதியிலுள்ள பாம்பா என்னும் ஊரில் வாழ்ந்தார். அங்கு உயர்நிலைப் பள்ளியில் சேர்ந்தபோதிலும் உடி படிப்பை முடிக்கவில்லை. எனினும் கல்வியை அவர் கைவிட்டார் என்று கூறுதல் பொருந்தாது. நகர நூலகமே அவருக்குக் கல்விக்கூடமாயிற்று. மனத்தின் இயல்பு பற்றிய நூல்களையும், சமயநூல்களையும், கீழை நாட்டு அறிவு நூல்களையும் அங்கிருந்து ஒன்றன்பின் ஒன்றாக எடுத்துப் படித்தார்.

மருந்துக் கடையொன்றில் அவர் வேலைக்கு அமர்ந்தார். அக்கடையில் கிடந்த பழைய கித்தார் ஒன்றை ஓய்வு நேரங்களில் எடுத்து மீட்டத் தொடங்கினார். ஜெஃப் கத்ரி என்னும் நெருங்கிய உறவினர் அவருக்கு அக்கருவியின் நுட்பங்களைக் கற்பித்தார். பின்னர் நண்பர் இருவருடன் சேர்ந்து சிறிய இசைக்குழு ஒன்றை அமைத்து நடன விழாக்களில் வாசித்தார். கடைகளுக்குப் பெயர்ப் பலகை எழுதும் தொழிலையும் கற்றுக்கொண்டார். 1933ஆம் ஆண்டில் குழு நண்பரின் தங்கையான மேரி ஜென்னிங்ஸ் என்னும் நங்கையை மணந்தார். கித்தாரும் தூரிகையுமே அக்குடும்பத்தின் சொத்து. அவற்றால் கிடைத்த வருவாயோ மிகச் சிறிது.

புழுதிப் புயல்

பாம்பா அமைந்துள்ள பெருஞ்சமவெளி ஒரு காலத்தில் கண்ணுக்கு எட்டிய தொலைவு வரை புல்லால் மூடப்பட்டிருந்தது. ஆழமாக ஓடிய புல்வேர்கள் மண்ணை இறுகப் பிடித்திருந்தன. முதல் உலகப் போர்க் காலத்தில் கோதுமையின் விலை உயர்ந்தது. உழவர்கள் பேராவலுடன் புல்வெளிகளை உழுது கோதுமை விதைத்தனர். பல இலட்சம் ஏக்கர் நிலம் புல்லை இழந்தது. பின்னர்க் கோதுமை விலை வீழ்ந்தது. 1930ஐ ஒட்டிய ஆண்டுகளில் மழையும் பொய்த்தது. பயிர் கருகிற்று, வெற்று நிலம் காய்ந்து பொடியாயிற்று, காற்று அப்பொடியை வாரி வானத்தில் எறிந்தது. இயற்கையின் போக்கை எண்ணாது நிலத்தைப் பயன்படுத்தியதன் விளைவை அம்மக்கள் கண்கூடாகக் கண்டனர்.

1935ஆம் ஆண்டு ஏப்ரல் 14ஆம் நாள் ஞாயிற்றுக்கிழமை. மலை போன்ற கரிய புழுதித் திரள் வடதிசையிலிருந்து எழுந்து வந்து பாம்பாவை மூடியது. பகல் இரவாயிற்று. வீட்டினுள் விளக்கேற்றியும் எதிரில் இருப்பவர் முகம் தெரியவில்லை. மக்கள் ஈரத்துணியால் மூக்கையும் வாயையும் மூடிக்கொண்டனர். உலகின் இறுதி நாளே வந்துவிட்டது என்று அஞ்சிப் பலர் இறைவனை வேண்டினர். ஒருவரிடம் ஒருவர் விடைபெற்றுக் கொண்டனர். வரலாற்றில் கருப்பு ஞாயிறு என வழங்கும் அந்நாளில் இருபத்திரண்டு வயது இளைஞரான உடி கத்ரி அம்மக்களிடையே இருந்தார். அவர்கள் விடைபெற்றதையே பொருளாகக் கொண்டு ஒரு பாடல் புனைந்தார். அதில் அச்சம் இருந்தது. அச்சத்தை வெல்லும் நகையும் இருந்தது. தம் ஊராருக்கு நேர்ந்ததை, அவர்கள் பேசும் எளிய சொற்களில், அவர்கள் அறிந்த மெட்டில் பாடலாம் என்னும் உண்மையை அப்பாடல் அவருக்கு உணர்த்திற்று. அன்று முதல் தம் பாட்டின் வழி எது என்பதை அவர் கண்டுகொண்டார்.

மேற்கு நோக்கி

நிலத்தை இழந்த உழவர்கள் ஊரை விட்டுப் புறப்பட்டனர். பழைய மோட்டார் வண்டிகளின்மேல் படுக்கை, பாத்திரம் முதலியவற்றைக் கட்டிக்கொண்டு, மனைவி மக்களுடன் கலிபோர்னியாவை நோக்கிச் சென்றனர். பழத்தோட்டங்கள் நிறைந்த அம்மாநிலத்தில் ஆண்டு முழுவதும் வேலை கிடைக்கும் என்று நம்பினர். கத்ரியும் அவ்வழியே சென்றார். கையில் காசில்லை. சரக்கு ரயில்களில் தொற்றி ஏறியும், வழிப்போக்கர் வண்டிகளில் இடம் கேட்டும், நெடுந்தொலைவு நடந்தும் சென்றார். பெயர்ப் பலகை எழுதியும், உணவு விடுதிகளில் பாடியும் பசி தீர்த்துக்கொண்டார்.

கலிபோர்னியா அம்மக்களை அன்புடன் வரவேற்கவில்லை. 1936ஆம் ஆண்டின் தொடக்கத்தில் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரக் காவலர் மாநில எல்லைகளில் நின்று, பணமில்லாமல் வருவோரைத் திருப்பி அனுப்பினர். உள்ளே நுழைந்தவர்களுக்கும் நல்வாழ்வு கிட்டவில்லை. வேலை சிறிது, அதனை நாடி வந்தோர் பலர். ஆதலால் கூலி தாழ்ந்தது. பழம் பறிக்கும் காலத்தில் ஆற்றங்கரைகளிலும் சாலையோரங்களிலும் அட்டையாலும் தகரத்தாலும் கூரை அமைத்து அவர்கள் தங்கினர். உள்ளூரார் அவர்களை ஓக்கிகள் என்று இகழ்ந்தனர். ஓக்லகோமாவிலிருந்து வந்தவர் என்னும் பொருளுடைய அச்சொல் ஒரு வசைச் சொல்லாகவே வழங்கிற்று. தம் நாட்டிலேயே தாம் அயலாராக நடத்தப்படுவதை எண்ணி அம்மக்கள் உள்ளம் குமுறினர். கத்ரியும் ஓர் ஓக்கியே.

வானொலியில்

1937ஆம் ஆண்டில் லாஸ் ஏஞ்சல்ஸ் நகர வானொலி நிலையம் ஒன்றில் பாடும் வாய்ப்பு கத்ரிக்குக் கிடைத்தது. முதலில் உறவினர் ஒருவருடனும், பின்னர் மாக்சின் கிரிஸ்மன் என்னும் நங்கையுடனும் அவர் பாடினார். ஊரை விட்டு வந்த மக்கள் அந்நிகழ்ச்சியில் தங்கள் தாயகத்துப் பேச்சையும் பாட்டையும் கேட்டு மகிழ்ந்தனர். கேட்டவர்களிடமிருந்து கடிதங்கள் வந்து குவிந்தன. கத்ரி அத்துடன் நிற்கவில்லை. பழம் பறிப்போர் தங்கும் குடிசைகளுக்கு நேரில் சென்றார். அவர்களோடு அமர்ந்து பாடினார். அவர்கள் கூறியவற்றைக் கேட்டார். கேட்டவை பாடல்களாயின.

அவ்வாண்டில் நிகழ்ந்த நிகழ்ச்சி ஒன்று குறிப்பிடத்தக்கது. கத்ரி ஒருநாள் வானொலியில் பழைய பாடலொன்றை இசைத்தார். அப்பாடலின் தலைப்பிலேயே கறுப்பு இனத்தாரை இழிவுபடுத்தும் சொல் ஒன்று இருந்தது. அவர் வளர்ந்த ஊரில் வெள்ளையர் பலரும் அச்சொல்லைத் தயக்கமின்றி வழங்கி வந்தனர். ஆதலால் அதன் கொடுமையை அவர் எண்ணிப் பார்த்ததில்லை. நிகழ்ச்சியைக் கேட்ட கறுப்பு இன இளைஞர் ஒருவர், தம் உள்ளம் புண்பட்டதை அவருக்குக் கடிதமாக எழுதினார். கத்ரி அதனை மறைத்துவிடவில்லை. தம் செயலுக்குச் சாக்குக் கூறவுமில்லை. வானொலியிலேயே தம் பிழையை ஒப்புக்கொண்டு மன்னிப்பு வேண்டினார். அச்சொல்லை அறவே ஒழித்தார். ஓக்கி என்னும் இகழ்ச்சியால் தாமும் தம்மவரும் நொந்ததை அறிந்தவர், தம் வாயிலிருந்து வந்த சொல் பிறரை நோகச் செய்ததை உணர்ந்தார். பிற்காலத்தில் இன வேற்றுமையை எதிர்த்து அவர் பல பாடல்கள் பாடினார். அம்மாற்றத்திற்கு அக்கடிதமும் ஒரு காரணமாயிற்று.

நியூயார்க்கில்

1940ஆம் ஆண்டின் தொடக்கத்தில் கத்ரி நியூயார்க் நகரை அடைந்தார். அக்காலத்தில் அமெரிக்க நாட்டைத் தெய்வம் வாழ்த்துக என்னும் கருத்துடைய பாடலொன்று வானொலிகளில் இடையறாது ஒலித்து வந்தது. வேலையின்றி அலையும் மக்களை நேரில் கண்டு வந்த கத்ரிக்கு அப்பாடல் நிறைவளிக்கவில்லை. அதற்கு விடையாகப் பிப்ரவரி 23ஆம் நாள், எளிய விடுதி அறை ஒன்றில் அமர்ந்து ஒரு பாடல் எழுதினார். கார்ட்டர் குடும்பத்தார் பாடிப் பரப்பிய பழைய மெட்டு ஒன்றை அதற்கு அமைத்துக்கொண்டார். நாடு முழுவதும் அங்கு வாழும் எல்லா மக்களுக்கும் உரியது என்பதே அப்பாடலின் கருத்து. பசியால் உதவி நாடி வரிசையில் நிற்கும் மக்களையும் அவர் அதில் மறக்கவில்லை. 1944ஆம் ஆண்டில் அப்பாடல் முதன்முதலாகப் பதிவு செய்யப்பட்டது. பின்னர் அமெரிக்கப் பள்ளிகளில் சிறுவர் சிறுமியர் பாடும் பாடலாக அது பரவியது.

மார்ச்சு 3ஆம் நாள், புலம்பெயர்ந்த உழவர்களுக்கு உதவி திரட்டும் இசை நிகழ்ச்சி ஒன்று நியூயார்க்கில் நடைபெற்றது. அதில் கத்ரி பாடியதை ஆலன் லோமாக்ஸ் என்னும் இளம் அறிஞர் கேட்டார். அவர் நாட்டுப் பாடல்களைத் தேடித் திரட்டும் பணியில் ஈடுபட்டிருந்தவர். தாம் நெடுநாள் தேடிய பாவாணர் இவரே என்று அவர் உணர்ந்தார். அம்மாதமே கத்ரியை வாஷிங்டனுக்கு அழைத்துச் சென்று, அவர் பாட்டையும் வாழ்க்கைக் கதையையும் அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்திற்காகப் பல மணி நேரம் பதிவு செய்தார். அதன்பின் புழுதி நிலப் பாடல்கள் பன்னிரண்டு பக்கங்கள் கொண்ட இசைத்தட்டுகளாக வெளிவந்தன. அன்று அவை மிகுதியாக விற்கவில்லை. இன்று அவை அமெரிக்க இசை வரலாற்றின் பெருஞ்செல்வமாக மதிக்கப்படுகின்றன.

புகழும் பொருளும் ஒருங்கே வந்தன. புகையிலை நிறுவனம் ஒன்றின் ஆதரவில் நடந்த வானொலி நிகழ்ச்சிக்கு அவரை அமர்த்தினர். அவர் வாழ்நாளில் கண்டிராத ஊதியம் கிடைத்தது. மனைவி மக்களையும் நியூயார்க்கிற்கு வரவழைத்தார். ஆனால் இன்னது பாடலாம், இன்னது பாடலாகாது என்னும் கட்டுப்பாடு அங்கு இருந்தது. ஏழை மக்களைப் பற்றிப் பாடும் உரிமையா, நிறைந்த ஊதியமா என்னும் கேள்வி எழுந்தபோது, கத்ரி ஊதியத்தைத் துறந்தார். 1941ஆம் ஆண்டின் தொடக்கத்தில் குடும்பத்துடன் மீண்டும் மேற்கு நோக்கிப் புறப்பட்டார்.

அவ்வாண்டு மே மாதத்தில் கொலம்பியா ஆற்று மின்துறையினர் அவரை ஒரு மாதப் பணிக்கு அமர்த்தினர். ஆற்றின் குறுக்கே எழுந்துவந்த அணைகளின் பயனை மக்களுக்கு எடுத்துரைக்கும் ஆவணப் படம் ஒன்றிற்குப் பாடல்கள் எழுதுவதே அப்பணி. கத்ரி ஆற்றங்கரைகளில் சுற்றிப் பார்த்து, அம்மாதத்திலேயே 26 பாடல்கள் இயற்றினார். அதற்காக அவர் பெற்ற ஊதியம் 266 டாலர் 66 சென்ட். வறண்ட நிலத்திற்கு நீரும், எளியோர் இல்லங்களுக்கு மின் விளக்கும் வரும் என்னும் நம்பிக்கை அப்பாடல்களில் ஒளிர்கின்றது.

பெரியோர் வாழ்விலும் குறைகள் உண்டு. கத்ரி ஓரிடத்தில் நிலைத்து வாழும் இயல்பினர் அல்லர். அவர் ஊர் ஊராகத் திரிந்தபோது மூன்று குழந்தைகளுடன் வறுமையைத் தாங்கியவர் மேரியே. அவ்வலைச்சலை நெடுநாள் பொறுக்க இயலாமல் அம்மண வாழ்வு முறிந்தது. உலகத்துத் துன்பத்திற்கெல்லாம் இரங்கிய உள்ளம் தம் இல்லத்தின் துன்பத்தைப் போதிய அளவு உணராமற் போயிற்று. அவர் பாடல்களைப் போற்றுவோர் மேரியின் பொறுமையையும் மறத்தல் ஆகாது.

பிற்கால வாழ்வு

இரண்டாம் உலகப் போரில் கத்ரி வணிகக் கப்பல் பணியாளராகச் சேர்ந்தார். கொடுங்கோன்மையை அழிக்கும் கருவி இது என்னும் கருத்தமைந்த வாசகத்தைத் தம் கித்தாரின்மேல் எழுதியிருந்தார். 1943ஆம் ஆண்டில் தம் இளமைக் கால வாழ்வை நூலாக எழுதி வெளியிட்டார். நடனக் கலைஞரான மார்ஜரி என்பாரை மணந்து, குழந்தைகளுக்கான இனிய பாடல்களையும் இயற்றினார்.

1948ஆம் ஆண்டு சனவரி 28ஆம் நாள் கலிபோர்னியாவில் ஒரு விமானம் விழுந்து நொறுங்கியது. இறந்த 32 பேருள் 28 பேர் மெக்சிகோ நாட்டுக்குத் திருப்பி அனுப்பப்பட்ட உழவுத் தொழிலாளர். செய்திகளில் அவர்கள் பெயர் கூறப்படவில்லை. நாடு கடத்தப்பட்டவர்கள் என்று மட்டும் கூறப்பட்டது. நாட்டு மக்களுக்குப் பழம் பறித்துத் தந்தவர்கள் பெயரும் இன்றி மறைவதா என்று கத்ரியின் உள்ளம் கொதித்தது. அவர்களுக்காக ஒரு பாடல் எழுதினார். அறுபத்தைந்து ஆண்டுகள் கழிந்து, 2013ஆம் ஆண்டில், அவர்கள் புதைக்கப்பட்ட இடத்தில் 28 பேர் பெயரும் பொறித்த நினைவுக்கல் நாட்டப்பட்டது.

தாயாரைக் கொன்ற நோய் மகனையும் பற்றியது. 1952ஆம் ஆண்டில் மருத்துவர் அதனைக் கண்டறிந்தனர். கித்தாரை மீட்டிய விரல்கள் அடங்காது நடுங்கின, பேச்சு குழறியது. அடுத்த பதினைந்து ஆண்டுகளின் பெரும்பகுதி மருத்துவமனைகளில் கழிந்தது. 1961ஆம் ஆண்டு சனவரியில், யாரும் அறியாத பத்தொன்பது வயது இளைஞர் ஒருவர் அவரைத் தேடி வந்தார். அவர் அருகில் அமர்ந்து அவர் பாடல்களையே அவருக்குப் பாடிக் காட்டினார். அவ்விளைஞரே பாப் டிலன். 2016ஆம் ஆண்டில் இலக்கியத்திற்கான நோபல் பரிசு பெற்றவர். பாட முடியாத பாவாணரின் முன்னிலையில், இனிப் பாடவிருக்கும் பாவாணர் ஒருவர் அமர்ந்திருந்த காட்சி நெஞ்சை உருக்குவதாகும்.

1967ஆம் ஆண்டு அக்டோபர் 3ஆம் நாள், தமது ஐம்பத்தைந்தாம் வயதில், கத்ரி நியூயார்க்கில் உயிர் நீத்தார். மணவிலக்குப் பெற்ற பின்னும் அவரைப் பேணி வந்த மார்ஜரி, அந்நோயை ஒழிப்பதற்காகவே ஒரு சங்கத்தைத் தோற்றுவித்தார். அந்நோய்க்குக் காரணமான மரபணுவை 1993ஆம் ஆண்டில் அறிவியலார் கண்டறிந்தனர்.

கத்ரி ஏறத்தாழ 3000 பாடல்களின் வரிகளை விட்டுச் சென்றார். பல்கலைக்கழகப் பட்டமோ, பயிற்சி பெற்ற குரலோ, பெருஞ்செல்வமோ அவரிடம் இல்லை. சிற்றூரின் தெருவும், பாம்பாவின் நூலகமும், புழுதி படிந்த நெடுஞ்சாலையுமே அவருக்கு ஆசிரியர்களாயின. தாம் கண்ட துன்பத்தைத் தம் துன்பமாகக் கொண்டு, பிழை நேர்ந்தவிடத்துத் திருத்திக்கொண்டு, பெயரற்ற மக்களுக்குக் குரலாக வாழ்ந்தமையால், அவர் பாடல்கள் அவர் மறைந்த பின்னும் மக்கள் நாவில் வாழ்கின்றன.